இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, பெரியத்தா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் மன்னிப்பில் வந்து நிற்கிறது. "இனிமே என்ன இருக்கு, எல்லாரையும் மன்னிச்சாச்சு" என்று உங்களில் யாராவது ஆரம்பிப்பீர்கள். மற்றவர்கள் தலையாட்டுவீர்கள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற சாக்கில் குனிந்துகொள்வேன். நான் ஒருவரை மன்னிக்கவில்லை. அவர் மவுத்தாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவருக்காக துஆ கேட்கும்போதுகூட ஒரு கயிறு அறுந்த சத்தம் காதில் கேட்கும். உதடு தானாகச் சிரித்துவிடும்.

சஃபர் மாதத்துக் கடைசிப் புதனான ஒடுக்கத்துப் புதனுக்குப் பினாங்கில் நம்மவர்கள் கடலுக்குப் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். மோட்டார் வண்டி பெரிய மனிதர்களுக்கு மட்டும் இருந்த காலம். நமக்கு மாட்டு வண்டிதான். சூலியாத் தெருவிலிருந்து தஞ்சோங் பூங்காக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்புக் கழன்றுவிடும். மூன்று நாள் முன்னதாகவே போய், மரங்களுக்கிடையில் கித்தான் கட்டிக் கூடாரம் போட்டுக்கொள்வோம். மண்ணில் குழி வெட்டி அடுப்பு. புதன்கிழமை மாவிலையில் சலாம் எழுதிக் கரைத்துக் குடித்துவிட்டுக் கடலில் முங்குவோம். அந்த மை நாக்கில் கசந்தது. அதன்மேல் உப்புத் தண்ணீர். அதன்மேல் உம்மா ஊட்டும் நெய்ச்சோறு. அந்த மூன்று ருசியும் ஒன்றாக இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. என் அக்கா, ராத்தாவுக்குப் பதினாலு. எங்களைப் பெற்ற அத்தாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து தொங்காங் படகுக்குச் சரக்கு இறக்குவார்களே, அந்தப் பாரத்தைத் தூக்கும் கயிறுகளைக் கட்டுகிறவர் அவர். அவர் கட்டினார் என்றால் ஆட்கள் நிமிர்ந்து பார்க்காமல் பாரத்துக்குக் கீழே நடப்பார்கள். அத்தாவின் அண்ணன், பெரியத்தா, பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நாங்கள் குடியிருந்ததும் அவர் கடைக்கு மேல்மாடியில்தான். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் "அண்ணன் என்ன சொல்றாங்க?" என்பதில்தான் முடியும்.

அந்த வருஷம் பெரியத்தா ஒரு கப்பல் தூளி வாங்கி வந்தார். வெள்ளைக்கார மாலுமிகள் கப்பலுக்குள் தொங்கவிட்டுப் படுப்பார்களே, அது. தடித்த கித்தான், இரண்டு முனையிலும் பித்தளை வளையம். தார் வாசனையும் யாரோ ஒருவனுடைய சுருட்டு வாசனையும் சேர்ந்து அடித்தது. கடற்கரையில் இரண்டு மரத்துக்கு நடுவே அதைக் கட்டி, துரை மாதிரிப் படுத்துக்கொண்டு காற்று வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அத்தா வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்ல சாமான்ண்ணே. கட்டுறதுலதான் இருக்கு. கொஞ்சம் தொய்ய விட்டுக் கட்டணும். மரத்தைச் சுத்திக் கோணியை மடிச்சுப் போட்டு அதுமேலே கயிறு. மணிலாக் கயிறு நான் கொண்டாறேன்."

"தூளி கட்டறதுக்கு எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?" என்றார் பெரியத்தா. "நம்ம கடையிலே இல்லாத கயிறா?"

அத்தா வளையத்தைக் கீழே வைத்துவிட்டார்.

கடற்கரையில் முதல் நாள் காலை. ஆண்கள் விறகுக்கும் தண்ணீருக்குமாகப் போயிருந்தார்கள். பெரியத்தா என்னைக் கூப்பிட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கடையில் மூட்டை கட்டுகிற தேங்காய்நார்க் கயிறு. வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு புன்னை மரம், ஒரு வாதுமை மரம். பட்டைமேலே நேராகக் கயிற்றைச் சுற்றி, ஒரு காலை மரத்தில் உதைத்து இழுத்து இழுத்துக் கட்டினார். தூளி நெஞ்சு உயரத்தில் பலகை மாதிரி விறைத்து நின்றது. கீழே மணலிலிருந்து ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. அதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"முதல்ல புள்ளைங்க படுங்க" என்றார். கனம் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது. நான் சிப்பி பொறுக்க ஓடிவிட்டேன். ராத்தா ஏறிப் படுத்தாள்.

திரும்பி வந்தபோது அவள் கல்லின்மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். தூளி ஒரு மரத்தில் மட்டும் துவண்டு தொங்கியது. எல்லாரும் ஓடி வந்தார்கள். துறைமுகத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான தண்டலும் குடும்பத்தோடு பக்கத்துக் கூடாரத்தில் இருந்தார், அவரும் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் பெரியத்தா சொல்லிவிட்டார்.

"தம்பி கட்டினது. கப்பல்ல வேலை பாக்குறவனாச்சேன்னு நம்பி விட்டேன்."

தண்ணீர்க் குடத்தோடு நின்ற அத்தாவை எல்லாரும் பார்த்தார்கள். அத்தா குடத்தை இறக்கி வைத்தார். ராத்தாவைத் தூக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"இல்லே! பெரியத்தாதான் கட்டினாங்க. நான்தான் கயிறு புடிச்சேன்" என்றேன்.

கன்னத்தில் விழுந்தது அறை. "குர்ஆன் ஓதுற புள்ளே, வாயைத் தொறந்தா பொய்" என்றார் பெரியத்தா. மறு கன்னத்தைத் திருப்புவதற்குள் உம்மாவின் கை என் வாயை மூடிவிட்டது. அந்தக் கையில் வெங்காய வாசனை. அறை மறந்துவிட்டது, அந்த வெங்காய வாசனை இன்னும் மறக்கவில்லை.

ராத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மழைக்காலம் முழுதும் கட்டிலில் கிடந்தாள். எழுந்து நின்றபோது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அவளுக்குப் பேசி வைத்திருந்த இடத்திலிருந்து வருவதும் போவதும் நின்றது. துறைமுகத்தில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சொந்த மகளையே கீழே விட்டவன் கட்டின கயிற்றுக்கு அடியில் யார் நிற்பார்கள்? தண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தாவை மூட்டை தூக்க அனுப்பினார். மாலையில் அத்தா தோல் உரிந்த தோளோடு வருவார். வீட்டில் கொடிக்கயிறு தளர்ந்தால்கூட அவர் தொடமாட்டார். உம்மாதான் முடிச்சுப் போடுவாள்.

பெரியத்தா மாடிக்கு வருவார். ராத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் நெற்றியைத் தடவி, "அல்லாவோட நாட்டம்" என்பார். அவர் இறங்கிப் போனதும் ராத்தா போர்வையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவள் என்னைக் கேட்டாள். "அந்தக் கயிறு கடையிலே இன்னும் இருக்கா?"

"சுருள் சுருளா இருக்கு."

"ஒரு சுருள் கொண்டா. அவர் கட்டின மாதிரியே கட்டு. எத்தனை மூட்டைக்கு அறுந்து போவுதுன்னு பாப்போம்."

எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள் உண்டு. ராத்தா கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போடச் செய்து மேலிருந்து உத்தரவு போட்டாள். நான் கோணிப்பையில் மணல் நிரப்பினேன். பழைய பாய் ஒன்றின் இரண்டு முனையிலும் கயிற்றைக் கட்டி, பெரியத்தா மாதிரியே தூணில் காலை உதைத்து இழுத்துக் கட்டினேன். ஒரு மூட்டை வைத்தேன், தாங்கியது. இரண்டாவது வைத்து மூச்சு விடுவதற்குள் பட்டென்று போயிற்று.

"இப்ப அத்தா சொன்ன மாதிரி" என்றாள் ராத்தா.

தூணில் கோணியை நாலாக மடித்துச் சுற்றி, அதன்மேல் கயிறு. இழுக்காமல், பாயின் நடு முழங்கால் உயரத்துக்குத் தொங்கும்படி. அதே கயிறுதான். இரண்டு மூட்டை, மூன்று, நாலு. கயிறு முனகியது, அறவில்லை. ஐந்தாவது தூக்க என்னிடம் தெம்பில்லை.

நம்ப முடியாமல் மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தோம். இறுக்கினால் இரண்டு, தொய்ய விட்டால் நாலு. தூணின் விளிம்பு கயிற்றைத் தின்பதைக் கண்டோம். கயிறு எப்போதும் முடிச்சுக்குப் பக்கத்தில்தான் அறுந்தது என்பதைக் கண்டோம். கனத்தை மெதுவாக வைத்தால் ஒரு கணக்கு, பொத்தென்று போட்டால் வேறு கணக்கு. ஏன் அப்படி என்பதுதான் புரியவில்லை. ஒரு நாள் உம்மாவும் நானும் ஒரு வாளித் தண்ணீரை ஆளுக்கு ஒரு கையாகத் தூக்கி வந்தோம். நெருங்கி நடந்தவரை கனம் தெரியவில்லை. பின்வாசலில் சாமான் கிடந்ததால் விலகி நடந்தோம். கை விரிந்ததும் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. மேலே சன்னலில் ராத்தா கத்தினாள். "அதான்! கை விரிய விரியத்தான் கனம்! கயிறும் அப்படித்தான்!"

அன்று இரண்டு பேரும் உம்மாவை உட்கார வைத்துச் சொன்னோம். உம்மா எல்லாம் கேட்டாள். எழுந்துபோய் அடுப்பை ஊதினாள். "நாம இருக்கிறது அவங்க வீடு" என்று புகைக்குள்ளிருந்து சொன்னாள். அவ்வளவுதான். மணலைக் கொட்டிவிட்டுக் கோணிகளை உதறி வைத்தோம். ராத்தா அன்றைக்கு அழவில்லை. "பாப்போம்" என்றாள்.

அடுத்த சஃபர் வந்தது. பெரியத்தா வண்டியில் முதலில் ஏற்றிய சாமான் அந்தத் தூளிதான். "இந்த வருஷம் ஒருத்தனும் கை வைக்க வேணாம். நானே கட்டுறேன். எப்படிக் கட்டுறதுன்னு எல்லாரும் பாத்துக்குங்க" என்று அவர் கடை வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். தன் பொய்யை அவரே நம்பத் தொடங்கியிருந்தார். பொய்யை நம்புகிறவனை விழவைப்பது சுலபம் என்று எனக்குப் பதினோரு வயதில் தெரிந்துவிட்டது.

தூளியின்மேல் சுருட்டி வைத்திருந்த கயிறு அதே சாம்பல் நிறம். நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில் அதே புன்னை, அதே வாதுமை. அதே கல்லும் இருந்தது. முதல் நாள் பகலில் எல்லாரும் கூடாரம் கட்டுவதில் மும்முரமாக இருந்தபோது ராத்தா என்னை அங்கே கூட்டிப் போனாள்.

"இதை நகர்த்தணும்."

"எதுக்கு? உனக்கு இருந்துச்சுல்லே? அவருக்கும் இருக்கட்டும்."

"விழணும்டி. சாகக் கூடாது. செத்துட்டா எல்லாரும் அழுவாங்க. நல்ல மனுஷன்னு சொல்லுவாங்க."

எனக்கு மனமில்லை. கல் இருக்கட்டும் என்று மூன்று முறை சொன்னேன். அவள் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றுகொண்டு ஊன்றுகோலால் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் நானும் குனிந்தேன். சிரட்டையால் சுற்றிலும் தோண்டி, விறகுக் கட்டை ஒன்றைக் கொடுத்து நெம்பி, சாயங்கால அசர் தொழுகைக்குள் கல்லைப் புரட்டிவிட்டோம். குழியை மணலால் மூடினோம். விரல் நகமெல்லாம் கிழிந்து உப்புக் காற்றில் எரிந்தது.

மறுநாள் காலை. பசியாறிவிட்டு எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். தண்டலும் வந்திருந்தார். அத்தா மட்டும் தூரத்தில் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரங்களின் பக்கமே திரும்பவில்லை.

பெரியத்தா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டினார். பட்டைமேலே நேராகக் கயிறு. காலை உதைத்து இழுப்பு. கட்டி முடித்துத் தூளியைத் தட்டிப் பார்த்தார். அந்த முறை வயதினாலோ என்னவோ போன வருஷத்து விறைப்பு வரவில்லை. தூளி லேசாகத் தொய்ந்திருந்தது. இப்படியே விட்டால் தாங்கிவிடும். தாங்கிவிட்டால், அத்தா கட்டியதுதான் அறுந்தது என்பது சாகும்வரை உண்மையாகிவிடும்.

நான் முன்னால் போனேன்.

"தொய்வா இருக்கே பெரியத்தா. படுத்தா முதுகு வளைஞ்சுடாது? இன்னும் கொஞ்சம் இறுக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். அறைந்த கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். "பாத்தீங்களா, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுது!"

"இன்னும் கொஞ்சம்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கயிறு பட்டைக்குள் புதைந்தது. நெஞ்சு நரம்பெல்லாம் தெரிய இழுத்து முடிச்சுப் போட்டார். தூளி பலகை மாதிரி நின்றது. என் உள்ளங்கை இரண்டும் வேர்த்திருந்தன. பயத்தால் அல்ல. பெருநாள் காலையில் புதுச் சட்டை போடும்போது வருமே, அந்தச் சந்தோஷம்.

ஏறிப் படுத்தார். கயிறு முனகியது, தாங்கியது. இரண்டு கையையும் தலைக்குக் கொடுத்துக்கொண்டு சிரித்தார். "எப்படி?" என்றார் தண்டலைப் பார்த்து. பிறகு தன் பேரனைக் கண்டார். மூன்று வயதுப் பிள்ளை, மணலில் விளையாடிக்கொண்டிருந்தது. "வாடா ராஜா, என் நெஞ்சுலே ஏறிக்க. யாராச்சும் தூக்கிக் குடுங்களேன்."

பிள்ளையின் உம்மா, பெரியத்தாவின் மருமகள், தூக்கிவிட்டாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஒரு வருஷம் வீண். ஒளிப்பானேன்? நான் சொல்லவில்லை. பிள்ளையின் கால் கித்தானைத் தொடப் போனது.

ஊன்றுகோல் மணலில் விழுந்தது. ராத்தா நொண்டி நொண்டி வந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "என்கிட்ட இருக்கட்டும், மச்சி. மூக்கு ஒழுகுது, துடைச்சுட்டுத் தரேன்." பிள்ளையோடு சேர்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

அப்போதுதான் அறுந்தது. பின்கட்டில் கேட்ட அதே சத்தம், பத்து மடங்கு. பெரியத்தா உட்கார்ந்த வாக்கில் மணலில் இறங்கினார். கைலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். "யா அல்லா" என்றார். அப்புறம் வெறும் "ஆ… ஆ…" தான்.

யாரும் சிரிக்கவில்லை, தண்டலின் சின்ன மகன் ஒருவனைத் தவிர. தண்டல் அவசரப்படாமல் போய் அறுந்த முனையை எடுத்தார். விரலால் நசுக்கினார், நார் தூளாக உதிர்ந்தது. மரத்துப் பட்டையில் ஆழமாக விழுந்திருந்த தடத்தைப் பார்த்தார். கொஞ்சம் மேலே, ஆறிக் கறுத்துப்போன இன்னொரு தடம் இருந்தது, அதையும் பார்த்தார்.

"துணி காயப் போடுற கொடியா இது? எவன் இப்படி இழுத்துக் கட்டுவான்? போன வருஷமும் இதே கைதானா?"

நான் வாயைத் திறந்தேன், ஆனால் எனக்கு முன்னால் உம்மாவின் குரல் வந்தது.

"ஆமா, தண்டல் காக்கா. போன வருஷமும் அவங்கதான்."

பெரியத்தா மணலிலிருந்து, "கயிறு பழசு… எவனோ கயிறை மாத்திட்டான்…" என்று முனகினார். யாரும் கேட்கவில்லை. அவரைக் குப்புறப் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். சூலியாத் தெரு வரைக்கும், சந்தைக்குப் போகிற ஆடு மாதிரி, வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போனார். நாற்பது நாளைக்கு அவரால் உட்கார முடியவில்லை. கடையில் நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார். தெருப் பிள்ளைகள் கடை வாசலில் வந்து, "உக்காருங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். சொல்லிக் கொடுத்தது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சாகும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்டல் மறுவாரமே அத்தாவைப் பழைய வேலைக்குக் கூப்பிட்டார். இதையெல்லாம் நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பசி எடுக்கிறது.

ஆனால் அன்று நாங்கள் திரும்பிய வண்டியைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரியத்தாவின் வண்டி முன்னால் போய்விட்டது. உம்மாவும் அவர்களுக்குத் துணையாக அதில் ஏறிக்கொண்டாள். பின்னால் வந்த வண்டியில் அத்தா, ராத்தா, நான். வெயில் தாழ்ந்திருந்தது. சாலையோரம் தென்னை மரங்கள், இடையிடையே கடல். அத்தா என்னைக் கேட்டார்.

"இறுக்குங்கன்னு நீதான் சொன்னியாமே. அறும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தா" என்றேன் நிமிர்ந்து. பாராட்டுவார் என்று நினைத்தேன். "இழுத்துக் கட்டினா ரெண்டு மூட்டைக்கு மேலே தாங்காது. நாங்க கட்டிப் பாத்தோம்."

அவர் தோளில் காய்த்துப் போயிருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியும்மா. போன வருஷம்."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"குடத்தை எடுக்கத் திரும்பி வந்தப்போ பாத்தேன். கயிறு அழுகல், கட்டு தப்புன்னு ஒரு பார்வையிலேயே தெரிஞ்சுது. அண்ணன் கட்டினது. அவங்க முன்னாடி அவுத்துக் கட்ட வாய் வரலே. தண்ணி எடுத்துட்டு வந்து மெதுவாச் சொல்லிக்கலாம்னு போயிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக அவர் பேசாமல் இருந்ததைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்தா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க கயிறைப் பாத்ததை நான் பாத்தேன் அத்தா. நான் அப்ப ஏறப் போறேன். எனக்கு அதுலே ஏற பயமாத்தான் இருந்துச்சு. நீங்க பாத்தீங்க, ஒண்ணும் சொல்லலே. அத்தாவே பாத்துட்டாங்க, பயமில்லேன்னு படுத்துக்கிட்டேன்."

அத்தா ஓடுகிற வண்டியிலிருந்து அப்படியே இறங்கினார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மாட்டின் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். ஊர் இன்னும் வெகு தூரம் இருந்தது. வண்டிக்காரர் இரண்டு தரம் நிறுத்தி, "ஏறிக்குங்க பாய்" என்றார். அத்தா நின்று ராத்தாவின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ஓட்டுங்க அண்ணே" என்றாள் ராத்தா வண்டிக்காரரிடம்.

நானும் ஏறச் சொல்லவில்லை.